மே மாத இன்டர்ன்ஷிப்: மணலியா, மண்ணடியா?

செமஸ்டர் முடிந்ததும் தேடிக்கொள்ளலாம் என்று இருந்தால் பெரிய கம்பெனிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), மணலி சி.பி.சி.எல். (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை), எண்ணூர் அசோக் லேலண்ட் போன்ற இடங்களில் இன்பிளான்ட் டிரெயினிங், அதாவது ஆலைக்குள்ளேயே பயிற்சி, வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே கல்லூரிக் கடிதம் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'இவர் எங்கள் மாணவர்' என்று கல்லூரி தரும் ஒரே போனஃபைடை ஜெராக்ஸ் எடுத்து நாலு இடத்தில் நீட்டினால் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கடிதம் வாங்குங்கள். அதில் பெயர், பதிவெண், துறை, ஆண்டு இருப்பதோடு, பயிற்சி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் இருக்க வேண்டும். 'கோடை விடுமுறையில்' என்று மொட்டையாக எழுதினால் திருப்பித்தான் அனுப்புவார்கள், ஏனென்றால் கேட் பாஸ் தேதி போட்டுத்தான் தருவார்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்ற உறுதிமொழிக் கடிதமும் சில இடங்களில் கேட்பார்கள், அதில் பெற்றோர் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. பிளான்ட்டுக்குள் போக சேஃப்டி ஷூ வேண்டும். செருப்போடு போனால் கேட்டோடு சரி.

பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் மணலிப் பக்கம் அலைவதைவிட மண்ணடிப் பக்கம் போவது மேல். தியாகராயா கல்லூரி மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் மண்ணடி. தம்புசெட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு மாடிகளில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள் நிறைய. இவர்களில் பலர் விளம்பரம் செய்வதில்லை. ரெஸ்யூமேயும் கடிதமும் கையில் வைத்துக்கொண்டு நேரில் ஏற வேண்டியதுதான். மாதக் கடைசியில் மட்டும் போகாதீர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அங்கே முதல் வாரம் உங்களிடம் வருவது பெரும்பாலும் சரிபார்க்கும் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) மூன்றையும் பக்கத்தில் பரப்பிக்கொண்டு, பில் ஆஃப் என்ட்ரிக்கான (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) செக்லிஸ்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கன்டெய்னர் எண் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் அதற்கு முந்தைய 4 எழுத்து, 6 இலக்கத்திலிருந்து கணக்கிட்டு வருவது, அதனால் ஒரு இலக்கம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். எடையில் அந்த வசதி கிடையாது. நெட் வெயிட்டை (சரக்கு மட்டும்) கிராஸ் வெயிட் (பேக்கிங்கோடு சேர்த்து) கட்டத்தில் போட்டுவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. தாக்கல் செய்த பிறகு தெரிந்தால் திருத்தம் கேட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவரை கன்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். சரக்கு எந்த வகை என்று காட்டும் 8 இலக்க எச்.எஸ். கோடை நீங்களே ஊகித்துப் போடவே கூடாது, வரி விகிதமே அதை வைத்துத்தான்.

ஸ்டைபெண்ட் பற்றி முதல் நாளே கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். பல சின்ன ஆபீஸ்களில் பஸ் காசும் சாப்பாடும்தான். ஆனால் வேலைக்குச் சேர்க்க டெபாசிட், யூனிஃபார்ம் பணம் என்று ஜி-பே நம்பர் கொடுத்தால் அப்படியே இறங்கி வந்துவிடுங்கள். சில பெரிய நிறுவனங்கள் டிரெயினிங்குக்குக் கட்டணம் வாங்குவது உண்டு. அது நிறுவனத்தின் பெயரில், ரசீதோடு இருக்கும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. 2024-ல் அது தொடங்கியபோது முழுநேரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடையாது, இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' வேறு, அதற்குக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலரைப் பாருங்கள்.

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்டால் கையெழுத்துப் போடுபவர் துறைமுகத்தில் இருப்பார். ஒரு வாரம் முன்பே லெட்டர்ஹெட்டில் தேதிகள், பார்த்த வேலை, மொத்த மணி நேரம் மூன்றையும் டைப் செய்து மேஜையில் வைத்துவிடுங்கள்.