‘பொதுச் சாவி’ என்று மட்டும் எழுதினால் போதாது: ஒரு வாலட் ஆவணத்தைச் சீரமைத்த அனுபவம்

ஓசூரில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்திற்காக, பலர் சேர்ந்து கையொப்பமிடும் பிட்காயின் வாலட் (சாவிகளை வைத்துப் பணத்தைக் கையாளும் மென்பொருள்) ஒன்றின் தொழில்நுட்ப வரையறை ஆவணத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவர்கள் கணிதம் நன்கு அறிந்தவர்கள். நிரலும் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் வெளியிலிருந்து வந்த தணிக்கைக் குழுவினர், ஆவணத்தை மட்டும் படித்துத் தாங்களாகவே ஒரு நிரலை எழுதிப் பார்த்தபோது, எங்கள் நிரல் தந்த முகவரி, அதாவது பணம் பெறுவதற்கான அடையாளம், அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நிரல்களிலும் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ‘பொதுச் சாவிகளை வரிசைப்படுத்துக’ என்ற ஒரே வாக்கியத்தை இரு தரப்பினரும் இரு விதமாகப் படித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். பிட்காயினில் ஒருவர் ரகசியமாக வைத்திருக்கும் தனிச் சாவியால் இட்ட கையொப்பத்தை மற்றவர்கள் சரிபார்க்க உதவுவது பொதுச் சாவி. அது அடிப்படையில் ‘செக்பி256கே1’ என்ற எலிப்டிக் வளைவின் (ஒரு சமன்பாட்டால் அமையும் வளைவின்) மீதுள்ள ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பைட்டுகளாக எழுதும்போது பழைய முழு வடிவத்தில் 65 பைட்டும், சுருக்கிய வடிவத்தில் 33 பைட்டும் ஆகும். சுருக்கிய வடிவத்தின் முதல் பைட் 02 அல்லது 03. அது ஒய் ஆயத்தொலைவு இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதைச் சொல்கிறது. டாப்ரூட் என்ற பிட்காயின் மேம்பாட்டுக்கு அடித்தளமான பிஐபி 340 (பிஐபி என்பது பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு ஆவணம்) அந்த முதல் பைட்டையும் நீக்கிவிட்டு, எக்ஸ் ஆயத்தொலைவின் 32 பைட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒய் எப்போதும் இரட்டைப்படை என்று கொள்கிறது. ஆனால் பலரின் சாவிகளை ஒன்றாக்கும் மியூசிக்2 முறையை வரையறுக்கும் பிஐபி 327, உள்ளீடாக 33 பைட் சாவிகளையே கேட்கிறது. ‘பிளெயின் பப்ளிக் கீ’ என்று அதற்கெனத் தனிப் பெயரும் வைத்திருக்கிறது. இப்போது 02 91 என்று தொடங்கும் ஒரு சாவியையும் 03 14 என்று தொடங்கும் ஒரு சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 33 பைட்டுகளாக வரிசைப்படுத்தினால் 02 முதலில் வருவதால் 91 சாவிக்கே முதலிடம். முதல் பைட்டை நீக்கிவிட்டு வரிசைப்படுத்தினால் 14 முந்திக்கொள்ளும். மியூசிக்2-ல் சாவிகளின் வரிசை மாறினால் கூட்டுச் சாவி மாறும். கூட்டுச் சாவி மாறினால் முகவரியும் மாறும். தணிக்கைக் குழு 32 பைட்டுகளை வரிசைப்படுத்தியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. முந்தைய பக்கத்தில் எங்கள் ஆவணமே 32 பைட் வடிவத்தைப் ‘பொதுச் சாவி’ என்று அழைத்திருந்தது.

சீரமைப்பைத் தேடலிலிருந்து தொடங்கினேன். ஆவணத்தில் பொதுச் சாவியின் ஆங்கிலச் சுருக்கமான ‘பப்கீ’ என்று தேடியபோது, முடிவுகளில் பெரும் பகுதி ‘ஸ்கிரிப்ட்பப்கீ’ என்ற சொல்லாகவே வந்தது. பிட்காயின் நிரலில் தொடக்க காலம் முதலே இருக்கும் அந்தப் பெயர், ஒரு வெளியீட்டை, அதாவது பரிவர்த்தனையில் அனுப்பிய தொகையை, பூட்டி வைக்கும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலைக் குறிக்கிறதே தவிர, எந்தச் சாவியையும் குறிப்பதில்லை. அவற்றை ஒதுக்கிய பிறகு, மிஞ்சிய ஒவ்வோர் இடத்திலும் சில கேள்விகளை எழுதி வைத்தேன். இங்கே சொல்லப்படுவது புள்ளியா, பைட் வரிசையா? பைட் வரிசை என்றால் எத்தனை பைட்? இது ஒருவருடைய சாவியா, கூட்டுச் சாவியா? ட்வீக் (சாவியை மாற்றுவதற்காகக் கூட்டும் மதிப்பு) சேர்ப்பதற்கு முந்தையதா, பிந்தையதா?

கடைசிக் கேள்விக்குத்தான் அதிக உழைப்புத் தேவைப்பட்டது. பிஐபி 341-ன்படி, டாப்ரூட்டில் முதலில் ஒரு ‘இன்டர்னல் கீ’ இருக்கிறது. அதிலிருந்தும் ஸ்கிரிப்ட் மரத்தின் (செலவு நிபந்தனைகளின் தொகுப்பின்) வேரிலிருந்தும் கணக்கிட்ட ஹாஷை (தரவின் கைரேகை போன்ற எண்ணை) வைத்து இன்னொரு புள்ளியை உண்டாக்கி, அதை முதல் புள்ளியோடு கூட்டும்போது ‘அவுட்புட் கீ’ கிடைக்கிறது. முகவரிக்குள் இருப்பது இந்த இரண்டாவது சாவி. எங்கள் ஆவணத்தின் ஒரு பத்தியில் ‘வாலட்டின் பொதுச் சாவி’ என்ற தொடர் முதல் வாக்கியத்தில் இன்டர்னல் கீயையும், மூன்றாம் வாக்கியத்தில் அவுட்புட் கீயையும் குறித்தது. இன்னோர் இடத்தில், எதைக் குறிக்கிறது என்று எழுதியவர்களிடமே கேட்டபோது ஒருவர் முன்னது என்றார், மற்றவர் பின்னது என்றார். அந்த இடத்தில் சொல் மட்டும் குழம்பியிருக்கவில்லை. முடிவே எடுக்கப்படாமல் இருந்தது. கலைச்சொல்லைச் சீராக்கும் வேலை ஏன் மொழி நடை சார்ந்த மெருகு வேலை ஆகாது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

‘எக்ஸ்பப்’ என்ற நீட்டித்த பொதுச் சாவி பற்றிய பகுதியில் கேடு இன்னும் பெரிதாக இருந்தது. பிஐபி 32 வரையறுக்கும் நீட்டித்த பொதுச் சாவி 78 பைட் கொண்டது. அதில் 33 பைட் சாவியோடு, கிளைச் சாவிகளை உண்டாக்க உதவும் 32 பைட் செயின் கோடும் அடங்கியிருக்கிறது. அதை வைத்திருப்பவர் அதன் கீழ் வரும் சாதாரணக் கிளைச் சாவிகள் அனைத்தையும் உண்டாக்கி, அந்தக் கணக்கின் வரவு செலவு முழுவதையும் பார்த்துவிட முடியும். அதோடு, சாதாரண வழியில் பெற்ற ஒரு கிளையின் தனிச் சாவியும் அவர் கையில் சிக்கினால், மேல்நிலைத் தனிச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். இவ்வளவு கவனமாகக் கையாள வேண்டிய ஒன்றை, ‘பொதுச் சாவியைத் தயக்கமின்றிப் பகிரலாம்’ என்று சொன்ன அதே ஆவணம் வேறு பக்கத்தில் வெறுமனே ‘பொதுச் சாவி’ என்று எழுதியிருந்தது. இந்த ஒரு திருத்தத்தை மட்டும் மற்றவற்றுக்குக் காத்திருக்காமல் அன்றே சேர்க்கச் சொன்னேன்.

எதிர்ப்பும் இருந்தது. குழுவின் மூத்த பொறியாளர், “இடத்தைப் பார்த்தாலே புரியும்ங்க, ஒவ்வொரு தடவையும் நீளமா எழுதினா யார் படிப்பாங்க?” என்றார். அவருடைய கவலை நியாயமானதுதான். அடைமொழிகள் நிறைந்த ஆவணம் கண்ணைக் களைப்படையச் செய்யும். “சார், புல எண்ணை எழுதி உட்பிரிவு எண்ணை விட்டுட்டா பத்திரம் யார் நிலத்துக்குங்க?” என்று கேட்டேன். அதன் பிறகு நாங்கள் ஒரு சமரசத்திற்கு வந்தோம். ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் அங்கே வரும் சாவி எவ்வகை என்று ஒருமுறை முழுப் பெயருடன் அறிவிப்பது. சூத்திரங்களில் புள்ளிகளுக்குப் பெரிய எழுத்தும் பைட் வரிசைகளுக்குச் சிறிய எழுத்தும் வைப்பது. அடைமொழி இல்லாத ‘பொதுச் சாவி’யை, வகை எதுவானாலும் பொருந்தும் பொதுக் கூற்றுகளுக்கு மட்டும் விடுவது.

பெயர்களை நாங்களாக உருவாக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பிஐபி 341 ‘இன்டர்னல் கீ’ என்றால் நாங்களும் அதையே எழுதுவோம். ‘பேஸ் கீ’, ‘ரூட் கீ’ என்று முன்பு சிலர் எழுதியிருந்தவை நீக்கப்பட்டன. தரங்களே தங்களுக்குள் வேறுபடும் இடங்கள் உண்டு. தனிச் சாவியை பிஐபி 32 ‘பிரைவேட் கீ’ என்கிறது, பிஐபி 340 ‘சீக்ரெட் கீ’ என்கிறது. இரண்டும் ஒன்றே என்பதால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதை வரையறைப் பகுதியில் குறிப்பிட்டோம்.

திருத்திய வடிவத்தைச் சரிபார்க்க, தருமபுரியில் பொறியியல் முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைக் கேட்டுக்கொண்டேன். எங்கள் நிரலைப் பார்க்கக் கூடாது, ஆவணத்தை மட்டும் வைத்துப் பைத்தானில் எழுத வேண்டும் என்பதே நிபந்தனை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் வீட்டு மேசையில் அச்சிட்ட தாள்களைப் பரப்பிக்கொண்டு, அவர் கேட்ட ஒவ்வொரு சந்தேகத்தையும் பதில் சொல்லாமல் குறித்துக்கொண்டேன். “அக்கா, அக்ரிகேட் கீய இன்டர்னல் கீயா எடுக்குறப்போ முதல் பைட்ட நீக்கணுமா?” என்று அவர் கேட்டது மிக நல்ல கேள்வி. அக்ரிகேட் கீ, அதாவது கூட்டுச் சாவி, 33 பைட் வடிவிலும் எழுதக்கூடிய ஒரு புள்ளி. டாப்ரூட்டுக்குள் நுழையும்போது அது 32 பைட்டாகிறது. ஒய் ஒற்றைப்படையாக இருந்தால் கையொப்பமிடும்போது கூட்டல், கழித்தல் குறி மாற்றமும் வேண்டும். அந்த மாற்றம் நிகழும் இடத்திற்கென்று தனி வரி ஒன்றைச் சேர்த்தோம். சோதனைத் தரவுகளிலும், சாவிகளின் முதல் பைட் வேறுபட்டு வரிசை புரளக்கூடிய ஒரு தொகுப்பை வேண்டுமென்றே வைத்தோம். தணிக்கைக் குழு மறுபடியும் எழுதியபோது முகவரிகள் பொருந்தின.

அடுத்த பதிப்பில் பிஐபி 352 சொல்லும் சைலன்ட் பேமென்ட்ஸ் வருகிறது. ஒரே முகவரியை வெளியிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வெளியீட்டில் பணம் பெறும் முறை அது. அதில் ‘ஸ்கேன் கீ’, ‘ஸ்பெண்ட் கீ’ என்று இரண்டு 33 பைட் சாவிகள் முகவரிக்குள் இருக்கும். அவற்றிலிருந்து கணக்கிடும் புள்ளி, டாப்ரூட் ட்வீக் எதுவும் இல்லாமல் நேராகவே அவுட்புட் கீயாகிறது. எங்கள் வரையறைப் பகுதியோ, அவுட்புட் கீ என்றால் இன்டர்னல் கீயிலிருந்து வருவது என்று இப்போது சொல்கிறது. அந்த வரையறையைத் திருத்தி அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகே புதிய பிரிவின் முதல் பத்தியை எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். திருத்த வரைவு இப்போது மூத்த பொறியாளரிடம் இருக்கிறது.