ஐப்பசி மழையும் பேய்ப்படங்களும்: நாட்குறிப்பிலிருந்து

2025 அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தும் நாகர்கோவிலில் மழை விட்டபாடில்லை. அதிசயமாகக் கரண்ட் போகவில்லை, அதனால் வீடே டிவி முன்னால். ரிமோட்டை அழுத்த அழுத்தப் பேய்தான் வந்தது. ஒரு சேனலில் 'காஞ்சனா'. இன்னொன்றில் தமிழ் பேசும் ஹாலிவுட் பேய். மூன்றாவதில் பேய்க்குப் பயந்து அலறும் காமெடியன்கள்.

மாமி (மனைவியின் அம்மா) மடியில் ஜெபமாலையோடு 'காஞ்சனா'வை விளம்பரம் உட்படப் பார்த்து முடித்தார். "பயமா இல்லையா மாமி?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பயம்? அது பாவம்லா மக்கா" என்றார்.

நான் வளர்ந்த சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) வீட்டில் சினிமாவே 'உலகம்', அதாவது விலகி இருக்க வேண்டியது, அதில் பேய்ப்படம் என்றால் கேட்கவே வேண்டாம். இன்றும் பிரசங்கபீடத்திலிருந்து வருவது அதே ஒற்றை வரிதான்: பார்க்காதே. ஆனால் பிள்ளைகள் ஹாஸ்டலில், போர்வைக்குள், போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று போதகரிடம் கேட்டேன். "பேசுங்க, ஆனா படம் போட்டுறாதீங்க" என்றார்.

அக்டோபர் 23, வியாழன்

மாமி சொன்னது மனசை விட்டுப் போகவில்லை.

தமிழ்ப் பேய்ப்படத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இடைவேளை வரை பேய் நம்மைப் பயமுறுத்தும். அதற்கப்புறம் பிளாஷ்பேக் வரும். அது முடிந்ததும் தியேட்டர் மொத்தமும் பேயின் கட்சி. 2011இல் வந்த 'காஞ்சனா'வில் பேயாக வருவது ஒரு திருநங்கை. தான் எடுத்து வளர்த்த இன்னொரு திருநங்கையை டாக்டருக்குப் படிக்க வைத்து, ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கி, அந்த நிலத்துக்காகவே கொல்லப்பட்டவள். அதற்கு முன் 2007இல் வந்த 'முனி'யிலும் அரசியல்வாதியால் செத்தவன்தான் பேய். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கிடைக்காதது கிளைமாக்ஸில் கிடைக்கிறது. விசில் பறக்கிறது.

இது சினிமா கண்டுபிடித்த விஷயமா என்ன? ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் காற்றாலைகள், நடுவில் இசக்கியம்மன் கோயில். அங்கே சொல்லப்படும் கதைக்குள் பழையனூர் நீலி இருக்கிறாள். நம்பியவன் கையால் செத்து, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு வந்தவள். உயிரோடு இருந்தபோது அவள் பேச்சை எந்தப் பஞ்சாயத்தும் எடுத்திருக்காது. பேயாக வந்த பிறகு ஊரே கூடி உட்கார்ந்து கேட்கிறது.

இதைச் 'சாத்தானின் தந்திரம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு முடியவில்லை. வேதத்தின் நாலாம் அதிகாரத்திலேயே இது இருக்கிறதே. "உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது" என்று, தம்பி ஆபேலைக் கொன்ற காயீனிடம் தேவன் சொல்கிறார். வாய்விட்டுப் பேசிய ஒரு வார்த்தைகூட எழுதப்படாத ஆபேல், செத்த பிறகு சத்தம் போடுகிறான். மாமி 'பாவம்லா' என்றது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்கப்புறம் வருவதைத்தான் எந்தத் தயாரிப்பாளரும் படமாக எடுக்க மாட்டார். தேவன் காயீனைத் தண்டிக்கிறார், அலைகிறவனாக ஆக்குகிறார். கூடவே, அவனை யாரும் கொன்றுபோடாதபடி அவன்மேல் ஒரு அடையாளத்தையும் போடுகிறார். வில்லனுக்குப் பாதுகாப்பு! தியேட்டரில் ஸ்கிரீனைக் கிழித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருப்பேன், சந்தேகமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வாலிபர் கூட்டத்துக்கு வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பேய் என்றால் வருகிறார்கள். லேவியராகமம் எடுத்தபோது எங்கே போனார்கள் இவர்கள்?

பேச்சு நேராகக் 'கான்ஜுரிங்' என்ற ஹாலிவுட் பேய்ப்படத்துக்குப் போய்விட்டது. 2013இல் முதல் படம் வந்தபோது இவர்களில் பாதிப் பேர் ஓய்வுநாள் பள்ளியில் இருந்தார்கள், ஆனாலும் ஒரு சீன் விடாமல் தெரிகிறது. அதில் பேய் விரட்ட வரும் எட் வாரன், லொரெய்ன் வாரன் என்ற அமெரிக்கத் தம்பதி நிஜமானவர்கள், கத்தோலிக்கர்கள் என்று ஒருவன் ஆரம்பித்தான். அது சரிதான். அதில் வரும் அனபெல் என்ற பேய்ப்பொம்மை பற்றி நான் சொன்னபோது மட்டும் எல்லோருக்கும் ஏமாற்றம். படத்தில் வருகிற கோர முகம் நிஜத்தில் கிடையாது. அது கடையில் விற்கிற சாதாரணத் துணிப்பொம்மை, சிவப்பு நூலில் முடி வைத்தது. இரவு அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எந்தக் குழந்தையும் தூங்கும்.

பிளஸ் டூ படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, சிலுவையைக் காட்டினா நிஜமாவே ஓடிருமா?"

அப்போஸ்தலர் 19ஐ எடுக்கச் சொன்னேன். ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர், பவுல் செய்வதைப் பார்த்துவிட்டு இயேசுவின் நாமத்தை ஒரு மந்திரம் மாதிரி எடுத்துப் பிரயோகிக்கிறார்கள். பொல்லாத ஆவி கேட்கிறது: "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" அப்புறம் அடி. துணியும் இல்லாமல், காயத்தோடு வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். கூட்டமே சிரித்தது. லூக்காவும் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஹாலிவுட் பேய்ப்படத்தில் சிலுவை என்பது போலீஸ்காரர் கையிலிருக்கும் லத்தி. சபைப் பிள்ளைகளே அதை அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது இன்றைக்குத் தெரிந்தது. அந்த மரத்தில் ஒருவர் நிராயுதபாணியாகத் தொங்கினார் என்பது அந்தக் கேள்வியில் எங்குமே இல்லை.

முடியும் நேரத்தில் ஒரு தங்கை, சீஷர்களே இயேசுவை இரண்டு தடவை பேய் என்று நினைத்தார்களே என்றாள். ஆமாம். கடல்மேல் நடந்து வந்தபோது "ஆவேசம்" என்று அலறினார்கள். உயிர்த்தெழுந்து வந்து நின்றபோது ஆவி என்று நடுங்கினார்கள். இரண்டாவது தடவை அவர் செய்தது, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. பொரித்த மீன் கொடுத்தார்கள், அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். (நம்மூர்ப் பேய்களும் சாப்பாட்டில் குறைந்தவை அல்ல. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன. ஆனால் அந்தக் கூழ் வேறு, இந்த மீன் வேறு.)

அக்டோபர் 28, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. 'பேய் பேசிய உண்மைச் சம்பவம், இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்.' சினிமா டிரெய்லர் என்று நினைத்தேன். ஜெபக்கூட்டம்! சிவப்பு எழுத்து, பின்னணியில் கீபோர்டு, நடுவில் தலைவிரிகோலமாக ஒரு பெண். பிரசங்கியார் மைக்கை அவள் வாயருகே நீட்டுகிறார். "யார் நீ? எப்ப வந்த? எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?" அவள் ஏதோ கத்துகிறாள். கூட்டம் அல்லேலூயா சொல்கிறது. மறுபடி மைக். மறுபடி கேள்வி. ஜெபத்தைவிடப் பேட்டிதான் நீளம்.

நாம்தான் சினிமாவைக் குறை சொல்கிறோம். இதில் கேமரா ஆங்கிள்கூட அங்கே கற்றதுதான்.

மாற்கு முதல் அதிகாரத்தில் அசுத்த ஆவி பிடித்தவன் ஜெப ஆலயத்திலேயே கத்துகிறான். நீர் தேவனுடைய பரிசுத்தர் என்கிறான், அதாவது சரியான உபதேசம். இயேசு சொல்வது "பேசாதே". கொஞ்சம் தள்ளி, பிசாசுகள் பேசுகிறதற்கு அவர் இடங்கொடுக்கவில்லை என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அவர் மைக்கைப் பிடுங்குகிறார். நாம் வால்யூமைக் கூட்டுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி பிடித்த ஒரு பெண், அவளால் அவள் எஜமான்களுக்கு மிகுந்த ஆதாயம். பவுல் அந்த ஆவியைத் துரத்தியதும் யாரும் சந்தோஷப்படவில்லை. வருமானம் போயிற்றே என்று பவுலையும் சீலாவையும் இழுத்துக்கொண்டு போய் அடிகொடுத்துச் சிறையில் போட வைத்தார்கள். பாழடைந்த பங்களாவில் நள்ளிரவில் மீட்டரைத் தூக்கிக்கொண்டு 'பாருங்க, லைட் எரியுது' என்று வீடியோ போடும் பையன்களை எனக்குப் பெரிதாகக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கருவி மின்காந்தப் புலத்தை அளப்பது, சுவருக்குள் ஒயர் ஓடினாலும் எரியும். அவர்கள் வியாபாரம் அவர்களுக்கு. வேத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே வியாபாரம் நடத்துவதுதான் வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 31, வெள்ளி

பக்கத்து வீட்டுப் பாப்பா பள்ளிக்கூடத்துக்குச் சூனியக்காரி வேஷத்தில் போனாள். தொப்பி நனையாமல் இருக்க அவள் அப்பா பிளாஸ்டிக் கவர் மாட்டிவிட்டார். நம்மூருக்கு ஹாலோவீன் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. 1517இல் இதே தேதியில்தான் மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கியது என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் மிட்டாய் கேட்டாள், கொடுத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஆராதனை முடிந்து மத்தியானம் மனைவியின் ஊருக்குப் போனோம். கடற்கரை ஊர், ஆர்.சி. (கத்தோலிக்க) குடும்பம். தோவாளைச் சந்தையில் பூ விலை ஏறிக் கிடந்தது, ஆனாலும் கல்லறைத் தோட்டம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கேந்திப்பூ. வெள்ளையடித்த கல்லறைகள்மேல் மெழுகுவர்த்தி. வாசலில் கடலை வண்டி, ஐஸ் வண்டி. இருட்டிய பிறகும் பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடினார்கள். போன வாரம் படம் பார்த்துவிட்டு பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் கேட்ட என் மகனும் அதில் ஒருவன். தாத்தா கல்லறை மேலேறிக் குதித்ததற்கு மாமியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

அப்புறம் மாமி கல்லறைப் பக்கம் உட்கார்ந்து மாமாவிடம் பேசினார். கூரை ஒழுகுகிறது, கொத்தனார் ஏமாற்றிவிட்டான், சின்னவளுக்கு வரன் வந்திருக்கிறது. உள்ளுக்குள் எனக்குப் புராட்டஸ்டண்ட் வாலிபன் விழித்துக்கொண்டான். உத்தரிக்கிற ஸ்தலம், இறந்தோருக்கான ஜெபம், இதிலெல்லாம் மாமிக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. "உயிருள்ளவர்களுக்காகச் செத்தவர்களிடத்தில் விசாரிக்கலாமோ" என்பது ஏசாயா. ஆனால் மாமி எதையும் விசாரிக்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

விசாரித்தவன் வேதத்தில் வரும் சவுல் ராஜா. நாட்டிலிருந்து அஞ்சனம் பார்த்துச் செத்தவர்களிடம் குறிகேட்கிறவர்களைத் துரத்தியவனே, நாளைய யுத்தத்துக்குப் பயந்து, வேஷம் மாறி, இரவோடு இரவாக எந்தோர் ஊரில் அஞ்சனம் பார்க்கும் ஒரு ஸ்திரீயிடம் போகிறான். அந்த அத்தியாயத்தில் திகிலைவிட எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. செத்துப்போன தீர்க்கதரிசி, கிழவர் சாமுவேல் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, சவுல் தரையில் கிடக்கிறான், அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அந்த ஸ்திரீ வீட்டிலிருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாப்பிசைந்து அப்பம் சுட்டு, வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறாள். நாளை சாகப்போகிறவனுக்குச் சோறு போட்டவள் அவள் ஒருத்திதான்.

நவம்பர் 4, செவ்வாய்

சபையில் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். மகனுக்குக் கல்லூரி இரண்டாம் வருடம். சில மாதமாகத் தூக்கமில்லை, யாரோ பேசுவது கேட்கிறதாம். ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பையனும் கூட வந்திருந்தான். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"பேர் என்னன்னு கேட்டாங்க அண்ணே. நான் என் பேரைச் சொன்னேன். அது இல்ல, உள்ள இருக்கிற உன் பேரைச் சொல்லுன்னாங்க. திரும்பவும் என் பேரைத்தான் சொன்னேன். அடிச்சாங்க."

ரொம்ப நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். மனநோயாளிகள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரைக் குடும்பமே பேய் என்று நினைத்துத்தான் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. அது தர்கா ஊர் என்பதால் நம் சமாச்சாரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எல்லா மதத்துக்காரர்களும் அங்கே போனார்கள், நம் பக்கத்திலும் கட்டிவைத்த ஜெப வீடுகள் உண்டு. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டமே சொல்கிறது.

அம்மாவிடம் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணைக் கொடுத்தேன், இலவசம், தமிழில் பேசுவார்கள். வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூடவே வருவதாகச் சொன்னேன். "அப்ப ஜெபம் பண்ண வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். பண்ணுவோம்மா, வீட்டிலேயே, அவன் பேரைச் சொல்லிப் பண்ணுவோம் என்றேன்.

பேய் உண்டா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். சுவிசேஷங்களை நம்புகிறவன் நான். அதற்கும் இந்தப் பையனை மருத்துவரிடம் கூட்டிப்போவதற்கும் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வாலிபர் கூட்டத்தில் மாற்கு 5. கல்லறைகளில் திரிந்த ஒருவனைப் பிடித்த பிசாசுக் கூட்டத்தின் பெயர் லேகியோன், இயேசு துரத்தியதும் அது பன்றிக் கூட்டத்துக்குள் போய் அவை கடலில் விழுந்து சாகும். லேகியோன் என்றதும் எல்லோரும் பன்றிகளிடம் ஓடினார்கள். இரண்டாயிரம் பன்றி, நஷ்ட ஈடு யார் கொடுப்பது? நல்ல கேள்விதான். மைக் விஷயத்தை நான் சொன்னதும், கல்லூரித் தம்பி மடக்கினான்: "ஆனா இங்க இயேசுவே உன் பேர் என்னன்னு கேக்குறாரே?"

கேட்கிறார். ஒரே ஒரு தடவை. அது அந்த மனுஷனைப் பார்த்துக் கேட்டதாகவும் இருக்கலாம், பதில் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்துவிட்டது. பையனின் டம்ளர் எனக்கு நினைவுக்கு வந்தது, ஆனால் அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

பேய் போனதும் படம் முடிந்துவிடும், பெயர்கள் ஓடும், லைட் போட்டுவிடுவார்கள். மாற்கு அதற்கப்புறமும் எழுதுகிறார். கல்லறைகளில் சங்கிலியை முறித்துக் கத்திக்கொண்டிருந்தவன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் ஊர் பயந்தது என்று எழுதியிருக்கிறது. அவன் கூடவே வருகிறேன் என்கிறான். வேண்டாம், உன் வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் சொல் என்கிறார் இயேசு. அவனும் போய்த் தெக்கப்போலி நாடு முழுக்கப் பேசுகிறான். மைக் இப்போது அவன் கையில்.

அடுத்த மாதம் 'சந்திரமுகி' போட்டே ஆக வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பேயையே மனநல டாக்டர் ஹீரோ குணமாக்கும் படம், 2005இல் வந்து சென்னையில் 800 நாளுக்கு மேல் ஓடியது, இதைவிடப் பொருத்தம் உண்டா என்கிறார்கள். போதகர் தலையில் கைவைத்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: படம் முடிந்ததும் நிஜ மனநல மருத்துவர் ஒருவர் வந்து அரைமணி நேரம் பேச வேண்டும். நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பயணச் செலவு தருவோம். மதியம் மீன்குழம்பு.