அறுகம்பே கேம்ப் குசினியில ஒடியல் கூழ்

இலங்கையின்ர கிழக்குக் கரையில, அலையில சறுக்கிற சேர்ஃபிங்குக்குப் பேர்போன அறுகம்பேக்கு எப்பிடிப் போறது, எவ்வளவு முடியும் எண்டு ஒழுங்கா எழுதுவம் எண்டுதான் இருந்தனான், ஆனா நினைப்பு முழுக்கக் கூழிலயே நிக்குது.

மட்டக்களப்பில இருந்து அறுகம்பேக்குக் கிட்ட இருக்கிற பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பஸ் கல்முனையில ஆள் சேர்க்கவே அரை மணித்தியாலம் நிண்டுது, சன நெரிசல், மடியில ரெண்டு கிலோ ஒடியல் மா வேற. அக்கரைப்பற்று மாமிக்கு எண்டு யாழ்ப்பாணத்தில இருந்து காவிக்கொண்டு வந்தது, இறங்கிப் போய்ப் பாத்தா மாமி வீட்டுக் கதவில பூட்டு. அடுத்த பஸ் பிடிச்சுப் பொத்துவில்ல இறங்கினா ஓட்டோக்காரர் என்ர பாக்கையும் தொப்பியையும் பாத்திட்டு இங்கிலீசில ஆயிரம் எண்டார். மூண்டு கிலோமீற்றருக்கு! தமிழில வாயைத் திறந்த உடன "அட, நம்மட புள்ளையா" எண்டு 500க்கு வந்தார். அதுவும் கூடத்தான்.

சேர்ஃப் சீசன், கேம்ப் முழுக்க வெள்ளைக்காரர். டென்ட் மலிவு, சாப்பாடுதான் காசைத் திண்டுது. முதல் நாள் ராத்திரி 1800 குடுத்து ஒரு பாஸ்தா, கெச்சப்பில குளிச்ச நூடுல்ஸ் எண்டுதான் சொல்லோணும். அடுத்த நாள் பின்னேரம் கை கழுவக் குசினிப் பக்கம் போனா, அங்க சமைக்கிற நானாவும் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்க அப்பிடித்தான் கூப்பிடுறது) ரெண்டு தம்பிமாரும் நிலத்தில இருந்து சோறு, சூடை மீன் பொரியல், கீரைச் சுண்டல், புளிச்சாறு. அடப்பாவிகளா, இதை ஏன் மெனுவில போடேல்லை எண்டு கேட்டன். "அதுகள் திங்காது புள்ள, முதலாளி சொன்னத்தான் நாம ஆக்கிற" எண்டு சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு கோப்பை போட்டார். காசு வாங்கேல்லை.

சும்மா சாப்பிட்டிட்டுப் போக மனசு வரேல்லை, மாப் பையைத் தூக்கிக்கொண்டு போனன். பனங்கிழங்கை அவிக்காமக் காயவைச்சு இடிச்ச மா எண்டு சொல்ல நானா ஒரு விரல் தொட்டு நக்கிப் பாத்திட்டு முகத்தைச் சுளிச்சார். கசக்கும்தான், அதுக்குத்தான் தண்ணியில ஊறவைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி ஊத்தி மாத்திறது. கூழுக்கு நான் நண்டு எண்டன், அவர் நண்டு சாப்பிட மாட்டாராம். சரி, இறால், கணவாய், ஒரு பெரிய மீன் தலை. பலாக்கொட்டை, பயத்தங்காய், ஒரு பிடி அரிசி, முருங்கையிலை. செத்தல் மிளகாயை அரைச்சுப் புளியோட கரைச்சு வைச்சன்.

பிழைச்சது அடுப்பில. எங்கட வீட்டில விறகடுப்பு, இங்க கொத்து ரொட்டி போடுற பெரிய காஸ் அடுப்பு, தீ சீறுது. கரைச்ச மாவை ஊத்தின உடன ஒரு தம்பியைத் துழாவச் சொல்லிட்டு நான் உப்புத் தேடிப் போனன், அவன் ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான், வந்து பாத்தா நடுவில பந்து பந்தாக் கட்டி, அடியும் பிடிச்சிட்டுது. "என்ன புள்ள, களி மாதிரி இரிக்கி" எண்டார் நானா. பேந்து அவரே சட்டியை இறக்கி, அடியைக் கிண்டாம மேலால வேற சட்டிக்கு மாத்தி, கட்டியைக் கரண்டியால மசிச்சு, சுடுதண்ணி விட்டு இளக்கி எடுத்தார். எனக்கு அது தோணியிருக்காது.

கூழ் குடிக்கிற ஓலைக் கோப்பை, அதுதான் பிளா, கோலப் பனையோலை இல்லை, சிரட்டையில ஊத்திக் குடிச்சம். மூக்கால தண்ணி ஓட ஓட ரெண்டாம் சிரட்டை கேட்டது துழாவாத அந்தத் தம்பிதான். பின்னால எட்டிப் பாத்த ஒரு ஜெர்மன்காரியும் ஒரு சிரட்டை குடிச்சிட்டு இது மெனுவில எத்தினை ரூபா எண்டு கேட்டா, நானா என்னைப் பாத்தார், நான் நானாவைப் பாத்தன்.

மிச்ச மாவை அங்கயே விட்டிட்டு வந்தன். மாமி கேட்டா பஸ்ஸில துலைஞ்சு போச்சு எண்டுதான் சொல்லோணும். நேற்று நானா வாட்சப்பில ஃபோட்டோ அனுப்பியிருக்கிறார், நல்ல வழுவழுப்பான கூழ், ஒரு கட்டி இல்லை, ஆனா நடுவில கறிக்கு வாசத்துக்குப் போடுற ரம்பை இலை நீளமா ரெண்டு மிதக்குது. கூழுக்கு ஆராவது ரம்பை போடுவினமே?