ரே-பேன் கூலிங் கிளாஸ்: பெயரை விடுங்கள், எண்ணைப் படியுங்கள்

பேச்சே விட்டுப்போன பழைய நண்பர் ஒருவர் திடீரென்று ஃபேஸ்புக்கில் நாற்பது பேரை டேக் செய்து ‘ரே-பேன் 90% தள்ளுபடி, இன்று மட்டும்’ என்று படம் போட்டால், அவருடைய கணக்கு களவு போயிருக்கிறது என்று பொருள். அந்த லிங்க்கில் பணம் கட்டினால் ஒன்று எதுவுமே வராது, இல்லாவிட்டால் பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு விற்கும் சரக்கு வரும். இது கண்ணுக்குத் தெரிகிற மோசடி. சிக்கல், பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து, பாக்ஸ், பில் எல்லாம் சேர்த்து விற்கிறவர்களிடம்தான்.

பாக்ஸ், தோல் உறை, துடைக்கிற துணி, குட்டிப் புத்தகம், லோகோ — காப்பியடிக்க மிகச் சுலபமானவை இவைதான். உறை மட்டும் மொத்த விலைக்கே கிடைக்கிறது. ஆகவே ‘ஒரிஜினல் பாக்ஸோட வரும்’ என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. போலி செய்கிறவர்கள் கோட்டை விடும் இடம் எண்கள். ஒரே அச்சை வைத்துக்கொண்டு எல்லா ஃபிரேமிலும் குத்திவிடுவார்கள்.

காதில் மாட்டும் இடதுபக்கத் தண்டின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏவியேட்டர் (மெல்லிய உலோக ஃபிரேம், கண்ணீர்த்துளி வடிவ லென்ஸ்) என்றால் அங்கே ‘ஆர்பி 3025’, ‘எல்0205’, ‘58’, சின்னச் சதுரம், ‘14’, ‘3என்’ என்கிற மாதிரி இருக்கும். 3025 மாடல். எல்0205 நிறம்: தங்க நிற ஃபிரேம், ஜி-15 எனப்படும் பச்சைச் சாம்பல் லென்ஸ். 58 என்பது ஒரு லென்ஸின் அகலம், 14 என்பது மூக்குப் பாலத்தின் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த மாடல் 55, 58, 62 அளவுகளில் வருகிறது. கடைசியில் உள்ள ‘3’ என்ற எண், லென்ஸ் எவ்வளவு இருண்டது என்பதைக் காட்டும். ‘என்’ இருந்தால் போலரைஸ்டு (தண்ணீர், சாலையிலிருந்து எதிரொளிக்கும் கூச்சத்தைக் குறைக்கும் லென்ஸ்) இல்லை, ‘பி’ இருந்தால் போலரைஸ்டு.

இப்போது இந்த எண்களை ஒன்றோடொன்று மோத விடுங்கள். 001/58 என்ற நிற எண், தங்க ஃபிரேமில் பச்சை போலரைஸ்டு லென்ஸுக்கு உரியது. அப்படியானால் தண்டில் ‘3பி’ இருக்க வேண்டும், லென்ஸ் மேலுள்ள ரே-பேன் எழுத்துக்குப் பக்கத்திலும் ஒரு ‘பி’ இருக்க வேண்டும். 001/58 என்று போட்டுவிட்டு ‘3என்’ என்று முடிந்தால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம் உள்ள வேஃபேரரிலும் இதே கதை. 2140 பழைய வடிவம்: முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும், பெரும்பாலும் 50, 54 அளவுகள். 2132 ‘நியூ வேஃபேரர்’: விளிம்பு மென்மையாக வளையும், 52, 55, 58. நியூ வேஃபேரர் உருவத்தில் 2140 என்று குத்தியிருப்பது போலிகளில் சர்வசாதாரணம். 2140-இல் 901 கறுப்பு, 902 ஆமையோட்டுப் பழுப்பு. பழுப்பு ஃபிரேமில் 901 இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் முழு எண்ணையும் நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பார்த்து, வரும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

‘மேட் இன் சைனா’ என்று பார்த்ததும் போலி என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது தப்பு. அமெரிக்காவின் பாஷ் அண்ட் லோம் 1999-இல் இந்த பிராண்டை இத்தாலியின் லக்ஸோட்டிகாவுக்கு விற்றுவிட்டது. அசல் கண்ணாடியிலேயே இத்தாலியும் இருக்கும், சீனாவும் இருக்கும். ‘புதுசு, மேட் இன் யூஎஸ்ஏ’ என்பதுதான் இடிக்கிறது. வலது தண்டில் உள்ள நாடும் பாக்ஸ் லேபிளில் உள்ள நாடும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

பொருள் கைக்கு வந்த பிறகு: அணிகிறவரின் இடக்கண் லென்ஸில், கீல் பக்க ஓரத்தில், மிகச் சின்னதாக ‘ஆர்பி’ என்று செதுக்கியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். அது பெயிண்டாக இருந்து நகத்துக்கு உரிந்து வந்தால் போலி. ஏவியேட்டரின் ஜி-15 நிஜக் கண்ணாடி. தட்டினால் கணீரென்று கேட்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். எல்லா ரே-பேனும் கண்ணாடி லென்ஸ் அல்ல, ஆகவே இந்தச் சோதனையை எல்லாவற்றிலும் செய்து குழம்ப வேண்டாம். பழைய வேஃபேரரின் ஃபிரேம் அசிடேட் என்ற பிளாஸ்டிக் பலகையிலிருந்து வெட்டி எடுப்பது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் பிளாஸ்டிக் வாளியில் இருக்கிற அச்சுக்கோடு தட்டக் கூடாது. கீலில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த ஏழு உலோக வளையங்கள் இருக்கும். மலிவு ஃபிரேமில் மூன்றோ நான்கோதான்.

சிலர் கூடவே ஒரு போலரைஸ்டு சோதனை அட்டை தருவார்கள். அது லென்ஸ் போலரைஸ்டா என்று மட்டும்தான் சொல்லும், அசலா என்று சொல்லாது. புற ஊதா வடிகட்டி இருக்கிறதா என்றும் சொல்லாது. வடிகட்டி இல்லாத கறுப்பு லென்ஸ் ஆபத்தானது: இருட்டென்று நினைத்து கண்மணி விரிகிறது, புற ஊதா உள்ளே போகிறது. கண்ணாடிக் கடைகள் சிலவற்றில் இதற்கு மீட்டர் உண்டு, ஒரு நிமிட வேலை.

பெரிய தளமாக இருந்தாலும், ‘விற்பவர்’ என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருந்தால் ரேட்டிங்கும் விமர்சனமும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்; உங்களுக்கு அனுப்புகிறவருக்கு வாங்கிய நட்சத்திரங்கள் அல்ல அவை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும், பொருள் தயாரான நாடும் காட்டப்பட வேண்டும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 15 இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07. முகவரி டெல்லி, எண் 33-இல் தொடங்குகிறது என்றால் பில்லையே சந்தேகியுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இலவசமாகத் தெரியும்.

தனித் தளம் என்றால் முகவரியை முதல் சாய்கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘.காம்’, அதற்கு முன் நடுக்கோட்டோடு ‘ரே-பேன்’ — இதுதான் நிறுவனம். ‘ரேபேன்-சேல்-இந்தியா.ஷாப்’ யாரோ ஒருவர். இன்ஸ்டாவில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ’, ‘மாஸ்டர் காப்பி’ என்று போடுகிறவர்கள் போலி என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், அந்தவரை நேர்மை!

பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டிய லேபிளில் தொடங்கி தண்டின் எண் வரை வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும்போது ‘பிடிக்கவில்லை’ என்ற காரணத்தைத் தட்டிவிடாதீர்கள், அது மறுபடி ஸ்டாக்கில் சேர்ந்து அடுத்தவர் தலையில் விழும். ‘போலிப் பொருள்’ என்றே குறிப்பிடுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் முடிக்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. யுபிஐ-யில் பணம் போய், தளமே காணாமல் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930, அதுவும் அன்றைக்கே.