அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது

ஓட்டும் வண்டியில் ஒருவர் அடிபட்டு இறந்தால் ஓட்டியவர் மனசும் அடிபடும்; கூட வேலை செய்யும் நாம் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இங்கே பேச்சு. காட்பாடியை விட்டால் ஜோலார்பேட்டை வரைக்கும் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்களை ஒட்டியே போகிறது ரயில் பாதை. 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 30 மீட்டர் ஓடும். 300 மீட்டர் தள்ளித் தண்டவாளத்தில் ஆள் தெரிந்தால், ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டுக்குக் கிடைப்பது 10 நொடி. ஹாரன், எமர்ஜென்சி பிரேக், அதற்குமேல் அவர் கையில் எதுவும் இல்லை. பிறகு பாதையோரத்தில் எண் போட்ட கம்பங்களில் எதன் அருகே நடந்தது என்று எண்ணைக் குறித்து மெமோ கொடுக்கணும். அந்த எண் மனசில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் கம்பம் வருவதற்கு முன்பே கை ஹாரனுக்குப் போகும்.

பஸ் டிரைவருக்கு இதோடு வழக்கும் சேரும். போலீஸ், கிளை மேலாளர், பிரேக்கைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று ஒரே நாளில் பலரிடம் அதையே சொல்லியிருப்பார். டிப்போவுக்கு வந்ததும் "எப்படிண்ணே ஆச்சு?" என்று நாமும் ஆரம்பிக்கக் கூடாது. "வண்டியை நான் பார்த்துக்கறேன், நீங்க முதல்ல டீ குடிங்கண்ணே" போதும். அன்றைக்கு அவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது, தனியாக வீட்டுக்கும் போகக் கூடாது. அவராகப் பேசினால் கேளுங்கள். எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை விலாவாரியாகச் சொல்லவைக்கும் ஒருநாள் கூட்டம் வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

'ஒரு குவார்ட்டர் போட்டுட்டுப் படு' என்பது அன்பில் சொல்வதுதான். ஆனால் குடித்த தூக்கம் பாதி ராத்திரியில் கலையும், கனவு கூடும். காலையில் டியூட்டி ஏறுமுன் பதிவு செய்யும் லாபியில் மூச்சுச் சோதனையிலும் மாட்டுவார். மருந்துக்கடையில் நேராகத் தூக்க மாத்திரை வாங்குவதும் தப்பு.

முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும், சோறு இறங்காது. பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அதே கனவு, அந்த ரூட் என்றாலே லீவு, வீட்டில் சம்பந்தமில்லாத கோபம் என்றால் மருத்துவரைப் பார்க்கணும். அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் இந்த மனப் பாதிப்பான பி.டி.எஸ்.டி.க்கு நல்ல பேச்சு சிகிச்சை இருக்கிறது, வாரம் ஒரு முறை என்று சில மாதம் ஆகும். வேலூர்ப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்திலோ காட்டலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 'தெரிஞ்சா வண்டி தரமாட்டாங்க' என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கக் கேட்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தருகிறது.

திரும்ப டியூட்டி ஏறும்போது முதல் சில நடைக்குக் கூட ஒரு அனுபவசாலி இருக்கட்டும், பகல் நடையாக இருக்கட்டும். அந்த ரூட்டையே ஒரேயடியாக மாற்றிக் கொடுப்பது உதவி மாதிரி தெரியும். தள்ளிப்போகத் தள்ளிப்போகப் பயம்தான் கெட்டியாகும்.

நடத்துனரையும், உதவி லோகோ பைலட்டையும், பாதையில் உடலை எடுத்துவைக்கும் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியான கேங்மேனையும் யாரும் கேட்பதில்லை. அவர்களும் பார்த்ததுதான் அது. நாலாவது வாரத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "தூக்கம் எப்படி இருக்குண்ணே?" என்று கேளுங்கள்.