கம்பிக் கதவின் சாவி எங்கே இருக்கிறது?

மியான்மரின் யாங்கோன் நகரின் நடுவில், கொன்சேடான் தெருக் காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் கட்டடம். எட்டு மாடி, லிஃப்ட் கிடையாது, செங்குத்தாக ஒரே ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு வாசலிலும் இழுத்துப் பூட்டும் இரும்புக் கம்பிக் கதவு. பால்கனியிலும் கூண்டு போலக் கம்பி. எல்லாம் திருட்டுப் பயத்தில் போட்டது.

போன வருஷம் கோடையில் ஒரு நாள், பையனின் பள்ளிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு மெழுகுவத்தி தேடப் போனேன். பிளக்கைப் பிடுங்கவில்லை. அப்புறம் அப்படியே தூங்கிவிட்டோம். நடுராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. புகை நாற்றத்தில் விழித்தபோது மேசை விரிப்பு எரிந்துகொண்டிருந்தது. கணவர் மெயினை இறக்கிவிட்டுக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். நான் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது, சாவியைக் காணோம். பூஜை மாடத்தில், கைப்பையில், அலமாரியில் தேடினேன். கடைசியில் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. தீ சின்னது என்பதால் பிழைத்தோம். அந்தச் சில நிமிஷங்கள் இன்னும் என் நெஞ்சில் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை கோயிலில் இதைச் சொன்னபோது, ‘எங்கள் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியாது’ என்று மூன்று பேர் சொன்னார்கள். அங்கேதான் வேலை தொடங்கியது. இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு அக்கா, நான் என்று ஐந்து பேர் சேர்ந்தோம். வார்டு அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கினோம். துணைத் தீயணைப்புப் படையில் தொண்டராக இருக்கும் ஒரு பர்மியப் பெரியவர் அரை நாள் உட்கார்ந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

வீடு வீடாகப் போவதுதான் நாங்கள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் தங்கும் வெளியாட்களின் பெயரைப் பதிந்த விருந்தாளிப் பட்டியலைச் சரிபார்க்க அதிகாரிகள் இரவில் வருவார்கள் என்ற பயம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடும், யாரும் வரமாட்டார்கள். அக்காதான் வழி சொன்னார். எங்கள் ஊரில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், மேலே அதில் ஒரு மணி இருக்கும். பத்திரிகையோ பலகாரமோ கொண்டுவருகிறவர் கீழே நின்று கயிற்றை இழுத்தால், வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் பொருளை மேலே இழுத்துக்கொள்வார். நாங்களும் பகல் வெளிச்சத்தில் தெருவில் நின்று மணியை அடித்தோம். முகத்தைக் காட்டி, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னோம். ‘மேலே வாங்க’ என்று சாவி கயிற்றில் இறங்கி வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் பல வீடுகளில் ஒரே கதைதான். ஒரே நீட்டிப்புப் பெட்டியில் சோற்றுக் குக்கர், மின்சார அடுப்பு, இன்வெர்ட்டர் மூன்றும் மாட்டியிருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டமான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று அண்ணன் ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொன்னார். கரண்ட் போனதும் ஒரு விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னோம். அதை நானே சொன்னேன், என் கதையோடு. மெழுகுவத்தியைத் தண்ணீர் ஊற்றிய தகரத் தட்டின் நடுவில் நிறுத்துவது, எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூடுவது, சமையல் வாயு கசிந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடிக் கதவைத் திறப்பது ஆகியவற்றைச் செய்தே காட்டினோம். கரண்ட் இல்லாத நேரத்தில் பம்பும் ஓடாது. அதனால் ஒரு டிரம்மில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும் என்றோம். 191 என்ற எண்ணைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டினோம்.

தரைத்தளச் சுவரில் தீக்கொக்கியும் தீத்தட்டியும் தொங்கின. நீளமான மூங்கில் கழியில் ஒன்றுக்கு இரும்புக் கொக்கி, இன்னொன்றுக்குத் தட்டையான பட்டை. ஓலைக் கூரையை இழுத்துத் தள்ளவும் பறக்கும் பொறியை அடித்து அணைக்கவும் உண்டானவை. ஓலையும் மூங்கில் தட்டியுமான வீடுகளில் அவை உயிர் காக்கும். எங்கள் படிக்கட்டில் புகை ஏறினால் அவற்றால் என்ன செய்ய முடியும்? ஆனாலும், ‘அதுதான் இருக்கிறதே’ என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அதைக் கலைத்தவர் எட்டாம் மாடிப் பாட்டி. 1981-இல் மண்டலேயில் 6,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து, 36,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்களே, அதில் பாட்டி வீடும் ஒன்று. கட்டடக்காரர்கள் கூடிய கூட்டத்தில் எழுந்து, ‘பீரோவை இழுக்கப் போனேன், அம்மாவை விட்டுட்டேன். ஒரு பர்மாக்காரப் பையன்தான் தூக்கிட்டு வந்தான்’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு படிக்கட்டில் கிடந்த அரிசி மூட்டை, உடைந்த நாற்காலி, தண்ணீர்க் கேன் எதற்கும் யாரும் சண்டை போடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகிவிட்டன.

முதல் ஒத்திகையில் எல்லோரும் தெருவுக்கு வரப் பதினெட்டு நிமிஷம் ஆனது. பாதி நேரம் சாவிக்கே போனது. அன்றே ஒவ்வொரு வீட்டிலும் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், குழந்தைகளும் எடுக்கிற உயரத்தில் ஓர் ஆணி அடித்தோம். சாவிக்கு அது மட்டும்தான் இடம். இரண்டாவது ஒத்திகை இருட்டில் நடந்தது, ஏழு நிமிஷத்தில் இறங்கிவிட்டோம்.

புகை அலாரம் எல்லா வீட்டுக்கும் வாங்கப் பணம் இல்லை. பேட்டரியில் ஓடும் இரண்டை மட்டும் வாங்கிப் படிக்கட்டின் மேல்பகுதியில் மாட்டினோம். மற்றதற்குக் கயிறுதான். இரவில் கயிற்றை மேலே சுருட்டிவிடாதீர்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டோம். கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் அண்ணன் கடையிலேயே படுப்பவர். ஏதாவது ஒரு மாடியில் கத்தினால், எல்லாக் கயிறுகளையும் வரிசையாக இழுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். ஒருநாள் சாயங்காலம் இழுத்தும் பார்த்தார். எட்டு மாடியிலும் தலைகள் எட்டிப் பார்த்தன.

பாட்டியால் வேகமாகப் படியிறங்க முடியாது. படிக்கட்டில் புகை இருந்தால், அவர் அறைக் கதவைச் சாத்தி, கதவடியில் ஈரத்துணியை அடைத்துவிட்டுப் பால்கனிக்குப் போக வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். அங்கே கம்பிக் கூண்டு இருக்கிறதே! அதில் திறக்கிற மாதிரி ஒரு கதவு வைக்க வேண்டும். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் வெல்டர் வருகிறேன் என்றிருக்கிறார். முதலில் எட்டாம் மாடி, பிறகு ஒவ்வொன்றாகக் கீழே.