உருண்டையும் நூலும்
நேற்று ராத்திரி மகளின் பூகோள உருண்டையில் நூல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முனை சிங்கப்பூர், மறுமுனை நியூயார்க். இழுத்துப் பிடித்தால் நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேரே வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது! இரண்டு ஊர்களும் தீர்க்கரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட 178 பாகை தள்ளி, அதாவது ஏறக்குறைய உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் அப்படி.

தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கிறது, ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம். ஆனால் விமானம் நூல் போன வழியில் போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும். மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று முதுகில் தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சம், எரிபொருளும் மிச்சம்.

இதற்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி செய்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள். எகானமி வகுப்பே கிடையாது. சரி, நமக்கு அந்தக் கவலை விட்டது.

மகளுக்குப் பிடித்தது வேறு. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். "அப்போ முள்ளு வாட்சைத் திருப்பவே வேண்டாமாப்பா?" என்றாள்.